நெரிசலும் நீதியும்: ஓர் ஆய்வுரையின் திறனாய்வு

கரைவலைத் தொழில் நிகழும் எமது உடப்புக் கரையில் ஒருவர் வலை வளைத்து முடியுமுன் மற்றொருவர் அதே பாட்டில் இறங்குவதில்லை. முறை அறிந்தவர்க்கு அதிகாரி வேண்டுவதில்லை. கணினி வலையமைப்புக்கு இத்தகைய முறையொன்றை வகுத்த பெருமை, 1988ஆம் ஆண்டில் வான் ஜேக்கப்சன் வெளியிட்ட நெரிசல் தவிர்ப்புப் பற்றிய ஆய்வுரைக்கு உரியது.

1986 அக்டோபரில், ஏறத்தாழ 400 யார் இடைவெளியில் இருந்த லாரன்சு பார்க்லி ஆய்வுகூடத்துக்கும் பார்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வினாடிக்கு 32,000 பிற்றாக இருந்த தரவோட்டம் 40 பிற்றாக வீழ்ந்தது. மறுமொழி வராத பொதிகளை அனுப்புநர் மீண்டும் மீண்டும் அனுப்பி நெரிசலைப் பெருக்கியமையே காரணம். ஜேக்கப்சன் கூறிய மருந்து எளிது: சிறுகத் தொடங்குக, தடையில்லையேல் மெல்லக் கூட்டுக, பொதி தொலையின் பாதியாகக் குறைக்குக. மேலாள் ஒருவருமின்றி, ஒவ்வொருவரும் தம் அளவைத் தாமே அடக்கும் இந்நெறி போற்றத்தக்கது.

எனினும், குறையும் உண்டு. பொதி தொலைந்தால் நெரிசலே காரணம் என்பது இவ்வுரையின் அடிப்படை. பழுதினால் தொலைவது அரிது என அவர் கருதியது கம்பிவழிக்குப் பொருந்தும். வானலை வழியிலோ நெரிசலின்றியும் பொதி சிதையும். அன்றியும், மறுமொழி பெறத் தாமதமாகும் தொலைவிடத்தார்க்குப் பங்கு சுருங்கும். அதே மாநாட்டில் கே. கே. இராமகிருஷ்ணனும் ராஜ் ஜெயினும் வேறொரு வழி காட்டினர்: இழப்பு நேருமுன்னரே, செல்லும் பொதியில் ஒரு பிற்றைக் குறியிட்டு வழிப்படுத்தி எச்சரித்தல். இக்கருத்து 2001இல் இணைய நெறிமுறையில் இடம்பெற்றது. 2016இற் கூகுள் ஆய்வாளர் வெளியிட்ட முறையோ இழப்பை விடுத்து, ஓட்டத்தின் வேகத்தையும் தாமதத்தையும் அளந்தே முடிவு செய்கின்றது.

இவ்வேறுபாட்டின் பொருளை யான் நூலில் மட்டும் கற்றிலேன். 2020இற் பாடசாலைகள் மூடப்பட்டபோது கைப்பேசி வழியே கற்பித்தேன். இடையிடையே மறைந்த மாணவரைச் சோம்பேறிகள் எனக் கடிந்தேன். அலை எட்டாத குடிசையில் அவர்கள் இருந்தமை பின்னரே தெரிந்தது. இழப்பைக் கண்டதும் காரணத்தை ஊகித்துத் தண்டித்த பிழை என்னுடையதும் ஆயிற்று.

ஆதலின், ஜேக்கப்சன் தந்த அடக்கத்தைக் கொள்வோம். இராமகிருஷ்ணனும் ஜெயினும் தந்த முன்னறிவிப்பை அதனோடு சேர்ப்போம். காரணம் அறிந்து குறைப்பதே நீதி. அறியாது குறைப்பது, எளியவர் பங்கையே முதலிற் குறைக்கும்.