முத்திரையும் நோக்கும்: ஜெயகாந்தனை முன்வைத்து ஒரு விமர்சனக் குறிப்பு

எழுத்தாளர் ஒருவரை ‘முற்போக்காளர்’ என்றோ ‘பிற்போக்காளர்’ என்றோ வகுத்துக்கொள்வது விமர்சனத்தின் தொடக்கநிலைத் தேவைகளுள் ஒன்றாகும். அவர் எவ்வணியைச் சார்ந்தவர், எவரோடு நின்றவர் என்பனவற்றை அவ்வகுப்பு எமக்குத் தெரிவிக்கின்றது. ஆயின், ஒவ்வொரு பிரச்சினை குறித்தும் அவர் என்ன கருதினார் என்பதை அது தெரிவிப்பதில்லை. முத்திரைக்கு ஒவ்வாத கருத்தொன்றை அவர் வெளியிடும்பொழுது எமது விமர்சனம் தடுமாறுகின்றது. இத்தடுமாற்றத்தின் இயல்பை ஆராய்வதற்கு ஜெயகாந்தன் (1934–2015) மிகப் பொருத்தமான சான்றாக விளங்குகின்றார்.

கடலூரிற் பிறந்த அவர், பள்ளிக் கல்வியை இடையில் விட்டுச் சென்னை சென்று, கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகச் சூழலில் உருவானவர். 1950களிற் ‘சரஸ்வதி’ முதலிய ஏடுகளில் அவர் எழுதிய கதைகளிற் சேரிவாழ் மக்களும் உதிரித் தொழிலாளரும் முழு மனிதராக இடம்பெற்றனர். இவ்வடிப்படையிலேயே முற்போக்காளர் அவரைத் தம்மவராக வரித்துக்கொண்டனர். ஆனால், 1960களில் அவர் காமராசரின் காங்கிரசை மேடைகளில் ஆதரித்தார். திராவிட இயக்கத்தைக் கடுமையாக எதிர்த்தார். 1969இல் அண்ணாதுரை மறைந்தபொழுதுகூடத் தமது மாறுபட்ட மதிப்பீட்டை அவர் மறைத்துக்கொள்ளவில்லை. வேதாந்த மரபைப் போற்றியும் எழுதினார். அதேவேளை சோவியத் நாட்டின்மீது கொண்டிருந்த பற்றையும் அவர் துறக்கவில்லை.

இந்நிலையில் விமர்சகர் பொதுவாக இரு வழிகளை நாடினர். ஒன்று, அவரை ‘வழி தவறியவர்’ என ஒதுக்குவது. மற்றையது, நாம் ‘பால்சாக் சூத்திரம்’ எனக் குறிப்பிடக்கூடியது. முடியாட்சி ஆதரவாளரான பால்சாக், தமது அரசியற் பரிவுகளையும் மீறிப் பிரபுத்துவத்தின் வீழ்ச்சியை உண்மையாகச் சித்திரித்தார் என எங்கெல்ஸ் 1888இல் மார்கிரட் ஹார்க்னஸுக்கு எழுதிய கடிதத்திற் குறிப்பிட்டார். இதனை வாய்ப்பாடாக்கிக்கொண்டு, ‘படைப்பு நன்று, கருத்துத் தவறு’ எனப் பிரித்துவிடுவது எளிது. முதல் வழி ஆளை விலக்குகின்றது. இரண்டாவது வழி கருத்தை விலக்குகின்றது. கருத்துக்கு விடையிறுக்கும் கடமையிலிருந்து விமர்சகன் நழுவிவிடுதல் இரண்டுக்கும் பொதுவாகும்.

‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ (1973) என்னும் நாவலை நோக்குமிடத்து இப்பிரிப்பின் போதாமை புலனாகும். பர்மா அகதிகளின் நடைப்பயணத்திடையே கண்டெடுக்கப்பட்டு வளர்க்கப்பட்ட ஹென்றி, சாதியோ மதமோ அறியாதவன். வளர்ப்புத் தந்தை சபாபதிப் பிள்ளையின் ஊரான கிருஷ்ணராஜபுரத்துக்கு அவன் வருகின்றான். சொத்துப் பிணக்கு மூளவேண்டிய இடத்திற் பிணக்கு மூளவில்லை. அவன் வேண்டுவது பாழடைந்த அந்த வீட்டை மட்டுமே. நிலவுடைமையும் சாதி அதிகாரமும் இயங்கும் கிராமமொன்றில் முரண்பாடுகள் நல்லெண்ணத்தினாற் கரைந்துவிடுவதாகக் காட்டுவது இந்நாவலின் தெளிவான குறைபாடு. எனினும், உடைமை வேட்கையும் சாதி அடையாளமும் அற்ற மனிதன் எத்தகையவனாக இருப்பான் என்னும் வினாவை அதே நோக்கே எழுப்புகின்றது. போராட்டத்தைச் சித்திரித்த எமது முற்போக்கு நாவல்கள் அவ்வினாவைப் போதியளவு எழுப்பவில்லை. நாவலின் குறையும் நிறைவும் ஒரே நோக்கிலிருந்து பிறந்தனவாதலின், நோக்கை நீக்கிவிட்டுப் படைப்பை மட்டும் ஏற்றுக்கொள்ளல் இயலாது.

அவரது திராவிட இயக்க எதிர்ப்பையும் இவ்வாறே அணுகுதல் வேண்டும். மேடையலங்காரமும் திரைக்கவர்ச்சியும் அரசியற் சிந்தனையின் இடத்தைப் பிடித்துக்கொண்டன என்ற அவரது கண்டனத்தில் உண்மை உண்டு. ஆனால், சாதியத்தால் இழிவுபடுத்தப்பட்ட மக்களுக்கு அவ்வியக்கம் அளித்த சுயமரியாதை உணர்வை அவர் குறைத்தே மதிப்பிட்டார். இங்கு நாம் அவரோடு முரண்படுகின்றோம். அம்முரண்பாட்டை வரலாற்று ஆதாரங்கொண்டு நிறுவுதல் வேண்டுமேயன்றி, அவரது முத்திரையை மாற்றி எழுதுவதால் அது நிறுவப்பட்டதாகாது.

இப்பிரச்சினை ஈழத்து இலக்கிய உலகுக்கும் புறம்பானதன்று. 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியதைத் தொடர்ந்து இங்கு நிகழ்ந்த விவாதங்களில் முத்திரைகள் தாராளமாகவே வழங்கப்பட்டன. மார்க்சியத்தை விமர்சித்து ஆன்மிக நோக்கொன்றை முன்வைத்த மு. தளையசிங்கம் ‘கருத்துமுதல்வாதி’ எனப்பட்டார். தத்துவ நோக்கில் அவ்விவரணம் பொருந்தலாம். ஆனால், ஒடுக்கப்பட்ட சாதியினரின் தண்ணீர் உரிமைக்காகப் புங்குடுதீவில் 1971இற் சத்தியாக்கிரகத்தில் இறங்கித் தாக்குதலுக்கும் கைதுக்கும் உள்ளானவரும் அவரே. 1973இல் அவர் மறைந்தார். சாதியொழிப்பை வேலைத்திட்டமாகக் கொண்டிருந்த எம்மிற் பலர், அவரது கருத்துமுதல்வாதத்தைப் பற்றி எழுதிய அளவுக்கு அக்கிணற்றடியைப் பற்றி எழுதவில்லை.

கருத்துநிலை வகுப்புக்கள் தேவையற்றவை என்பது எமது வாதமன்று. அவை இன்றி ஓர் எழுத்தாளரின் சமூக அடித்தளத்தை விளங்கிக்கொள்வது கடினம். ஆனால், முத்திரைக்கு மாறான கருத்தொன்றைக் காணுமிடத்து, அஃது எவ்வனுபவத்திலிருந்து எழுந்தது, எவருடைய நலனுக்குத் துணைபுரிகின்றது, எமது நிலைப்பாட்டில் எவ்விடைவெளியைச் சுட்டுகின்றது என மூன்று வினாக்களை நாம் எழுப்பியாக வேண்டும். மூன்றாவது வினாவையே நாம் பெரிதும் தவிர்த்து வந்துள்ளோம். எமது அடுத்தகட்ட ஆய்வுகள் அதிலிருந்து தொடங்குதல் நலம்.