முன்னிற்குஞ் சுரப்பி: ஒரு சொல்லாராய்ச்சி

ஒரு கலைச்சொல்லின் குணங் குற்றங்களைத் துணியப் புகுவோர் மூன்றினை நாடுதல் வேண்டும். அச்சொல் எம்மொழியில் எக்கருத்திற் பிறந்தது, அது சுட்டும் பொருளின் இயல்பு யாது, அதனைக் கேட்போர் உள்ளத்தில் எவ்வெண்ணம் எழுகின்றது என்பன அவை. ஆங்கிலத்திற் புரொஸ்ரேற் எனப்படும் உறுப்பின் தமிழ்ப் பெயர்கள் இம்மூன்று வகையானும் ஆராயற்பாலன. இலங்கையில் தமிழ்மொழி வாயிலாக உயிரியல் பயில்வோர் அதனை முன்னிற்குஞ் சுரப்பி என்பர். ஆண்மைச் சுரப்பி என எழுதுவாரும் உளர்.

புரொஸ்தாதேஸ் என்னுங் கிரேக்கச் சொல்லுக்கு முன்னே நிற்பவன் என்பது சொற்பொருள். தலைவன், காவலன் என்பன வழக்குப் பொருள். ஏதென்சு நகரிற் குடியேறி வாழ்ந்த அயலார், தமக்குப் பொறுப்பாக அந்நகரக் குடிமகன் ஒருவனைக் கொள்ளல் வேண்டும். அவனும் இப்பெயராலேயே அழைக்கப்பட்டான். ஆயினும், பண்டைக் கிரேக்க மருத்துவர் இவ்வுறுப்புக்கு இப்பெயரை வழங்கினாரல்லர். வெசாலியசு 1538இல் வெளியிட்ட உடலமைப்புப் படங்களில் இவ்வுறுப்பு இடம்பெற்றது. அக்காலத்தார் அதனைச் சுரப்பித்தன்மை வாய்ந்த உடலம் என்றே குறித்தனர். பிரெஞ்சு மருத்துவரான அந்திரே து லோரன்சு என்பார் 1600இல் புரொஸ்தாதே என்னும் இலத்தீன் வடிவத்தை உடலமைப்பியலிற் புகுத்தினார். மார்க்சு, கரன்பேர்க்கு என்னும் ஆய்வாளர் இருவர் 2009இல் வெளியிட்ட கட்டுரை இவ்வரலாற்றைத் தெளிவாக்கிற்று.

இப்பெயர்ப்பிலே வழுவும் நேர்ந்தது. கிரேக்கத்தில் ஆண்பாலாய் நின்ற சொல் இலத்தீனிற் பெண்பாலாயிற்று. ஆடவர்க்கே உரிய உறுப்பொன்று பெண்பாற் பெயர் பூண்டு இன்றுவரை வழங்குவது அதனாலேயே. மேலும், புரொஸ்தாதே என்பது பன்மை. உறுப்பு இரண்டெனக் கொண்டமையின் பெயரும் பன்மையாயிற்று. அஃது ஒன்றே என்னுந் தெளிவு நெடுங்காலஞ் சென்றே பிறந்தது. பாலும் எண்ணும் பிழைத்த பின்னரும் பெயர் நிலைத்தது. சொல்லின் நிலைபேற்றுக்கு அதன் செம்மை மட்டும் காரணமன்று என்பது இதனாற் பெறப்படும்.

இனி, உறுப்பின் இயல்பு. வளர்ந்த ஆடவரிடத்து ஏறத்தாழ 20 கிராம் நிறையுடைய இச்சுரப்பி சிறுநீர்ப்பையின் கீழே, அதன் வாயை அடுத்து, சிறுநீர் செல்லும் வழியைச் சூழ்ந்து நிற்பது. சுக்கிலப் பாய்மத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது. முதுமையில் இது பருத்து அவ்வழியை நெருக்குதலுண்டு.

அங்ஙனமாயின், முன்னிற்றல் எதற்கு முன்? மாணவன் சிறுநீர்ப்பையின் முன்புறத்தே அதனைத் தேடுவானாயின் ஏமாறுவான். கீழிருந்து மேனோக்குவார்க்கே அது சிறுநீர்ப்பைக்கு முன்னாகத் தோன்றும். இடஞ்சுட்டும் பெயராக மட்டுங் கொள்ளின், இச்சொல் குறையுடைத்தென்பதை மறுத்தல் இயலாது.

எனினும், தமிழில் முன்னிற்றல் என்பது இடத்தை மட்டுஞ் சுட்டுவதன்று. விழாவொன்றை ஒருவர் முன்னின்று நடத்தினார் என்றால், அவர் பொறுப்பேற்றுத் தலைமை தாங்கினார் என்பதே பொருள். முன்னே நிற்பவனும் தலைவனும் கிரேக்கத்தில் ஒரு சொல்லில் அடங்கியவாறே, நிற்றலும் தலைமையும் தமிழில் ஒரு வினையில் அடங்கின. மொழிபெயர்த்தோர் இதனைக் கருதினரோ அன்றோ, மூலச்சொல்லின் இருபொருளும் தமிழிற் குறைவின்றி வந்து பொருந்தின. வாயிலைக் காக்குங் காவலன் போல் சிறுநீர்ப்பையின் வாயிலிலே நிற்கும் உறுப்புக்கு இஃது இயைபுடைய பெயரேயாம்.

ஆண்மைச் சுரப்பி என்பதோ கேட்போரை மருட்டுவது. ஆண்பாற்குரிய ஓமோன் பெரும்பாலும் விதைகளிற் சுரப்பது, இச்சுரப்பியில் அன்று. ஆண்மை என்னுஞ் சொல் தமிழில் வீரத்தையும் ஆளுந்தன்மையையும் உணர்த்துவது. நோயுற்ற முதியவர் ஒருவரிடம் ஆண்மைச் சுரப்பி பழுதுற்றது என்று கூறின், அவர் நோயை மறைக்கவும் மருத்துவரை அணுக நாணவுங் கூடும். சிகிச்சையாற் சில குறைபாடுகள் நேர்தல் உண்மையே; எனினும், அவற்றை மருத்துவர் விளக்குதல் வேறு, நோயின் பெயரே அச்சுறுத்துதல் வேறு. காலத்தாற் கண்டறிந்தாற் குணமாக்கத்தக்க நோய், பெயரொன்றன் பொருட்டு மறைக்கப்படுதல் எவ்வாற்றானும் தகாது.

ஆதலின், முன்னிற்குஞ் சுரப்பி என்னும் பெயரே கொள்ளத்தக்கது. அதனைக் கற்பிப்போர் முன் என்பதன் விளக்கத்தையும் உடன் உரைப்பாராயின், அப்பெயரின் குறையும் நீங்கும்.