டிராக் ரேஸ் காரின் கை பிரேக்: படத்தில் ஆளைக் காணோம்

போன மாதம் முழுக்க ஒரு விசித்திரமான வாசிப்பு. டிராக் ரேஸ் கார்களில் கை பிரேக் லீவரைப் பொருத்துவது எப்படி என்று அமெரிக்காவில் லீவரோடு சேர்த்துத் தரும் குறிப்புத் தாள்கள், கூடவே சில வீடியோக்கள். பெரும்பாலும் ஒரு கோட்டுப் படம் இருக்கிறது. லீவர், அதைத் தாங்கும் பிராக்கெட், மாஸ்டர் சிலிண்டர், அதிலிருந்து கிளம்பும் பைப். சுத்தமான படம்தான். ஆனால் நான் பார்த்தவற்றில் எதிலும் சீட் இல்லை, சீட்டில் ஆளும் இல்லை. என் குறை அதுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஹேண்ட் பிரேக் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது, சரிவில் வண்டி உருளாமல் இருக்க இழுத்துவிட்டு இறங்கும் கேபிள் சமாச்சாரம். இது அது இல்லீங்க. டாப் ஃபியூயல் டிராக்ஸ்டரிலும் ஃபன்னி காரிலும் இதுதான் பிரேக். இடது கால் கிளட்சில் இருக்கும், வலது கால் ஆக்ஸிலரேட்டருக்கு. ஸ்டார்ட்டிங் லைனில் மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டும், மூன்றாவது கால் இல்லாததால் பிரேக் கைக்கு வந்துவிட்டது. 1960-களின் 'ஸ்லிங்ஷாட்' கார்களின் பழைய படங்களைப் பாருங்க. ஓட்டுநர் பின் ஆக்ஸிலுக்கும் பின்னால், எஞ்சினை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பல படங்களில் பிரேக் லீவர் பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே அதற்கு இடமே இல்லை. 1970 மார்ச்சில், கலிஃபோர்னியாவின் லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப்பில் கியர்பாக்ஸ் வெடித்து டான் கார்லிட்ஸின் வலது பாதத்தில் ஒரு பகுதி போனது. அடுத்த வருடமே அவர் எஞ்சினைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்த காரோடு திரும்பி வந்தார். ஓட்டுபவரின் உடம்பை வரைபடத்துக்குள் கொண்டுவந்தால் கார் எப்படி மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

இந்த லீவருக்கு இரண்டு வேலை. ஒன்று வெளியே தெரியாது. டயரைச் சூடாக்கிவிட்டு, பின்னால் வந்து, மறுபடி மெதுவாக லைனுக்கு வர வேண்டும். முதல் கதிரை டயர் மறித்தால் 'ப்ரீ-ஸ்டேஜ்' விளக்கு எரியும். அங்கிருந்து 7 அங்குலம் தாண்டினால் 'ஸ்டேஜ்' விளக்கு. கிளட்ச் பெடலை விட்டதும் வண்டி முன்னால் போகத் துடிக்கும். அதைக் கையால் பிடித்துவைத்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக விட வேண்டும். பிறகு மஞ்சள் விளக்குகள் மூன்றும் சேர்ந்து எரியும், 0.4 வினாடியில் பச்சை. ஸ்டேஜ் கதிரைத் தாண்டி ஒரு அங்குலம் கூடுதலாக உருண்டுவிட்டால் அங்கேயே கணக்கு மாறிப்போகும்.

இன்னொன்று எல்லோருக்கும் தெரிந்தது, நிறுத்துவது. 1000 அடி ஓட்டத்தின் முடிவில் டாப் ஃபியூயல் கார் மணிக்கு 330 மைலுக்கு மேல் போகும். பெரிய வேகத்தைக் குறைப்பது இரண்டு பாராசூட்டுகள், மிச்சம் பிரேக்குக்கு. 2008 ஜூனில் நியூ ஜெர்சியின் இங்கிலீஷ்டவுனில் ஸ்காட் கலிட்டாவின் எஞ்சின் வெடித்தது, பாராசூட்டுகள் உதவவில்லை, கார் ஓடுபாதையைத் தாண்டிப் போனது. அவர் இறந்தார். அதன் பிறகுதான் நைட்ரோ கார்களுக்கு 1320 அடி 1000 அடியாகக் குறைந்தது. எனவே குறிப்புத் தாள்கள் நிறுத்தும் விசையையே மனதில் வைத்து எழுதப்பட்டிருப்பதைக் குறை சொல்லக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். லீவரின் விகிதம் 6-க்கு 1, கை 20 கிலோ விசையோடு இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாஸ்டர் சிலிண்டரின் புஷ்ராடில் 120 கிலோ விழும். சிலிண்டரின் துளை முக்கால் அங்குலம் என்றால் சதுர செ.மீ.க்கு சுமார் 42 கிலோ அழுத்தம். ஒரு அங்குலம் என்றால் 24 தான். அப்படின்னா சின்னத் துளையே நல்லதா? பேட் டிஸ்க்கைத் தொடுவதற்கு 3 கன செ.மீ. பிரேக் ஆயில் நகர வேண்டும் என்றால், சின்னத் துளையில் கை 6 செ.மீ.க்குச் சற்று மேல் நகர வேண்டும், பெரியதில் மூன்றரை செ.மீ. போதும். இந்தப் பேரத்தைப் பல தாள்கள் சரியாகவே சொல்கின்றன. விசை வேண்டுமா, தூரத்தைக் கொடு.

சொல்லாமல் விடுவது அடுத்த படி. பேட் தொட்ட பிறகு கை தூரத்தை அவ்வளவாக உணராது, விசையைத்தான் உணரும். கை ஒரு கிலோ கூட்டினால் சின்னத் துளையில் அழுத்தம் 2.1 கூடும், பெரியதில் 1.2. நிறுத்தும்போது இது வரம். அந்த 7 அங்குலத்துக்குள் ஊர்ந்து வரும்போது? லேசாக விட்டால் வண்டி குதிக்கும், லேசாகப் பிடித்தால் கட்டென்று நிற்கும். 'ஓட்டுநர் பழகிக்கொள்வார்' என்று ஒரு வீடியோவில் சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். என் கட்சி இதற்கு நேர் எதிர்: பெல்ட் கட்டிய நிலையில் ஓட்டுநர் வண்டியைத் தெம்பாக நிறுத்தக்கூடிய அளவில் மிகப் பெரிய துளை எதுவோ, அதை எடுங்கள். அதற்கு மேல் கிடைக்கும் விசை உபயோகப்படாத விசை, லைனில் தொந்தரவும்கூட.

'தெம்பாக' என்பது யாருடைய தெம்பு? ஷெர்லி மல்டவ்னி டாப் ஃபியூயல் சாம்பியன் ஆனது 1977-இல். அதற்கு முன்னும் பின்னும் இந்தக் கார்களில் உயரமானவர், குட்டையானவர், மெலிந்தவர் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். லீவரின் நீளத்தைத் தாள் தீர்மானித்துவிட முடியாது.

இப்போது என்னை உண்மையிலேயே எரிச்சல்படுத்திய வரிக்கு வருகிறேன். லீவரை முன்னால் தள்ளும்படியும் வைக்கலாம், பின்னால் இழுக்கும்படியும் வைக்கலாம், 'விருப்பம்போல்'. விருப்பமா! எழுபது கிலோ ஆளின் ஒரு கை மூன்றரை கிலோ இருக்கும். பாராசூட் விரியும்போது உடம்பு புவியீர்ப்பைப் போல நான்கு மடங்கு விசையோடு முன்னால் தள்ளப்படுகிறது என்று வையுங்கள். தோளை பெல்ட் பிடித்துக்கொள்ளும், கையைப் பிடிக்காது. 14 கிலோ. அதில் பாதிதான் லீவரில் விழுகிறது என்றாலும் 7 கிலோ. தள்ளும் லீவரில் அது கேட்காமலே பிரேக்கில் சேரும். பிரேக் பிடிக்கப் பிடிக்க கை இன்னும் அழுத்தும், சக்கரம் பூட்டிக்கொள்ளும் வரை போகலாம். இழுக்கும் லீவரில் நேர்மாறு: கை போடும் 20 கிலோவில் 7 கழிந்துவிடும். வண்டி வேகம் குறையும்போது தன்னால் கொஞ்சம் இளகும். ஒன்று தன்னைத்தானே கூட்டிக்கொள்கிறது, மற்றது தன்னைத்தானே குறைத்துக்கொள்கிறது. எனக்கு இழுப்பதுதான் பத்திரமாகத் தோன்றுகிறது. வேறு முடிவுக்கு வருகிறவர்களோடு சண்டையில்லை. ஆனால் இது சட்டை நிறம் தேர்ந்தெடுக்கிற மாதிரியான விஷயம் இல்லை.

லீவரின் இடத்தைக் குறிக்கும்போது செய்ய வேண்டியதும் இதிலிருந்தே வருகிறது. ஓட்டுநர் ஹெல்மெட், கழுத்துக் காப்பு, தடித்த கையுறை எல்லாம் போட்டு, பெல்ட்டை பந்தயத்தில் இறுக்குவது போலவே இறுக்கி உட்கார வேண்டும். திறந்த காக்பிட் கார் என்றால், கவிழ்ந்தால் கை கூண்டுக்கு வெளியே போகாமல் தடுக்கும் வாரையும் கையில் மாட்ட வேண்டும். அந்த வார் எவ்வளவு தூரம் விடுகிறதோ அவ்வளவுதான் லீவரின் உலகம். ஹெல்மெட்டும் கழுத்துக் காப்பும் போட்டவர் குனிந்து லீவரைப் பார்க்க முடியாது, தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதே கை பாராசூட் லீவருக்கும் போய்விட்டு வர வேண்டியிருந்தால் அந்தப் பாதையையும் பார்க்க வேண்டும். கண்ணை மூடச் சொல்லி நாலு தடவை பண்ணிப் பாருங்க. முழு அழுத்தத்தில் லீவர் தொடையிலோ சீட்டிலோ போய் முட்டுகிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். வெறும் சேசிஸில் டேப் வைத்து அளந்தால் தெரியாது.

சும்மா சொல்லக்கூடாது, குழாய் வேலையில் இந்தத் தாள்கள் கெட்டி. மாஸ்டர் சிலிண்டர் கேலிபரைவிடத் தாழ இருந்தால் ஆயில் திரும்பி ஓடாமல் இருக்க 2 பிஎஸ்ஐ வால்வு போடச் சொல்வது, ஏர் எடுக்கும்போது கேலிபரின் திருகு மேல்பக்கம் இருக்க வேண்டும் என்பது, லீவரை விட்டதும் புஷ்ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும் என்பது எல்லாம் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன. அந்த இடைவெளி இல்லாவிட்டால் பிஸ்டன் முழுசாகத் திரும்பாது, சூட்டில் விரியும் ஆயில் டேங்குக்குத் திரும்ப வழி அடைபடும், பிரேக் தானாகவே உரச ஆரம்பிக்கும்.

அங்கேயும் ஒன்று விட்டுப்போகிறது. இடைவெளியைச் சோதிப்பது வண்டி நின்றுகொண்டிருக்கும்போது. பச்சை விழுந்ததும் வண்டி முன்னால் பாயும், லீவருக்கும் எடை உண்டு. அரைக் கிலோ லீவர் நான்கு மடங்கு விசையில் இரண்டு கிலோவாகப் பின்னால் சாயப் பார்க்கும். இழுக்கும் லீவரில் பின்னால் என்பது பிரேக் பிடிக்கும் பக்கம். அதைத் தாங்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங் இருக்கிறதா என்று பாருங்க. நான் சிபாரிசு செய்த பக்கத்துக்கு இது ஒரு பாதகம்தான், மறைக்கவில்லை.