மதுரையைத் தாங்கிய நூல் எது?

டப்ளின் நகரம் ஒருநாள் அழிந்துபோனாலும் தன் நாவலைக் கொண்டே அதைத் திரும்பக் கட்டிவிடலாம் என்று ஜேம்ஸ் ஜாய்ஸ் தன் நண்பர் ஃபிராங்க் பட்ஜனிடம் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. 1904 ஜூன் 16 என்ற ஒரே நாளின் தெருக்களையும் கடைகளையும் பேச்சையும் வைத்து அவர் எழுதிய 'யுலிசஸ்' 1922இல் வெளிவந்தது. டப்ளினைவிடப் பழைய ஊர் மதுரை. பாடப்பட்ட காலமும் அதிகம். அந்த ஊரைத் தாங்கி நிற்பது எந்த நூல்?

இதைத் தீர்மானிக்க இரண்டு கேள்விகள் போதும். ஊர்ப்பெயரை மறைத்துவிட்டுப் படித்தாலும் இது மதுரைதான் என்று தெரிகிறதா? அங்கே பிழைக்கிற மனிதர்களின் வேலையும் பொழுதும் அதில் இருக்கின்றனவா? இரண்டுக்கும் ஆம் என்று சொல்லும் நூல்கள் மிகக் குறைவு.

எல்லோர் நினைவிலும் முதலில் வருவது சிலப்பதிகாரம். ஆனால் மதுரைக் காண்டத்தில் நாம் காணும் மதுரை, வெளியூரான் ஒருவன் பார்த்த மதுரை. ஆயர்பாடியில் மாதரி தரும் அடைக்கலத்தைத் தவிர கோவலனுக்கு அந்த ஊரில் உறவில்லை. ஊர்காண் காதையில் அவன் இரத்தினக் கடைத்தெருவையும் பொற்கடை வீதியையும் அறுவை வீதியையும் கூலக் கடைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறான். அடுத்த முறை உள்ளே போகும்போது உயிர் போகிறது. இளங்கோவுக்கு மதுரை ஒரு நீதிமன்றம், பிறகு ஒரு தீர்ப்பு, பிறகு ஒரு தீ. காவியமாக அதற்கு ஈடில்லை. நகரத்தின் பதிவாகப் பார்த்தால் அது குறை.

திருவிளையாடற் புராணம் வேறு வழியில் ஊருக்குள் நுழைகிறது. பரஞ்சோதி முனிவரின் 64 படலங்களில் பெரும்பாலானவை தலப்பெருமை. வைகையில் வெள்ளம் வந்து, கரையை அடைக்க வீட்டுக்கு இத்தனை பங்கு என்று அளந்து விடப்படும் இடத்தில் மட்டும் ஒரு நகரத்தின் நிர்வாகமும் அச்சமும் தெரிகின்றன. ஆள் இல்லாத வந்திக்கும் ஒரு பங்கு விழுகிறது. பிட்டு விற்றுப் பிழைக்கும் தனிக்கிழவியையும் விட்டுவைக்காத அரசாணை அது. ஆவணியில் இன்றும் பிட்டுத் திருவிழா நடப்பதற்குப் பக்தி மட்டும் காரணமல்ல, அந்த அநீதியை ஊர் மறக்கவில்லை என்பதும் காரணம் என்றே நினைக்கிறேன்.

இனி மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி. 782 அடிகள், பத்துப்பாட்டில் மிக நீண்டது. தலையாலங்கானத்துப் போரை வென்ற நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை எடுத்துச் சொல்வது இதன் நோக்கம். ஆனால் புலவரின் மனம் தெருவில்தான் இருக்கிறது. நாளங்காடியில் தொடங்கி அல்லங்காடி வரை நடக்கிறார். சங்கு அறுப்பவர், மணி துளைப்பவர், பொன் உரைப்பவர், துணி விற்பவர், செம்பு நிறுத்து வாங்குபவர், ஓவியர் என்று வேலைக்காரர்களை வரிசையாகக் காட்டுகிறார். நரைத்த கூந்தலோடு வீடுவீடாகப் பூவும் மணப்பொருளும் விற்கும் முதுபெண்டிர் வருகிறார்கள். பிறகு இரவு யாமம் யாமமாக நகர்கிறது. அடையும் மோதகமும் விற்றவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிழ, நூலேணியோடு கள்வர் கிளம்புகிறார்கள். அவர்களைத் தேடிக் காவலர் விழித்திருக்கிறார்கள். விடியலில் வாசல் பெருக்கும்போது முந்தைய நாள் பூக்கள் குப்பையாகின்றன.

இந்தக் கள்வனும் காவலனும்தான் மதுரை இலக்கியத்தின் முதுகெலும்பு என்பது என் கணிப்பு. தூங்கா நகரம் என்று நாம் இன்று பெருமையோடு சொல்கிறோம். அந்தத் தூங்காமைக்குள் வியாபாரமும் களவும் காவலும் பிரிக்க முடியாதபடி கலந்திருப்பதை மருதனார் அன்றே கண்டுவிட்டார். அவரிடம் ஒரு பெரிய குறை உண்டு. தோற்ற நாடுகளிலிருந்து வந்த யானைகளும் திறையும் விடியலில் ஊருக்குள் நுழைவதை அவரே காட்டுகிறார். எரிக்கப்பட்ட பகைவர் நாடும் பாட்டில் இருக்கிறது. அங்காடியின் செழிப்புக்கும் அந்தச் சாம்பலுக்கும் உள்ள தொடர்பை மட்டும் அவர் கேட்கவில்லை. அரசனைப் பாட வந்தவரின் எல்லை அது.

அந்தக் கேள்வியைப் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு எடுத்துக்கொண்டது சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' (2008). ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய இந்த நாவலுக்கு 2011இன் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஜெயமோகன் பாராட்டினார், எஸ். ராமகிருஷ்ணன் கடுமையாக மறுத்தார். மாலிக் கபூரின் படையெடுப்பில் தொடங்கி நாயக்கர் ஆட்சி வழியாகப் பிரிட்டிஷ் ஆட்சிக் காலம் வரை வரும் நாவலின் உயிர் தாதனூர்க் கள்ளர்களிடம் இருக்கிறது. களவும் காவலும் ஒரே கையின் இரண்டு வேலைகள் என்பதை இவ்வளவு விரிவாகச் சொன்ன நூல் வேறில்லை. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடிக்கும் பகுதி தமிழ் நாவல் எட்டிய உயரங்களில் ஒன்று. மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று தினமும் சொல்கிறோமே, அந்தப் பெயர்கள் நில அளவையாளர் மாரட்டையும் இடிப்பை நடத்திய பெருமாள் மேஸ்திரியையும் குறிப்பவை. மதிலில் குடியிருந்த தெய்வங்கள் இறங்கிப் போவதை எழுதிய பக்கங்களில் வெளிவீதிகள் பிறந்த வலி இருக்கிறது.

என் முதல் கேள்வியில் 'காவல் கோட்டம்' முழுமையாகத் தேறுகிறது. மதுரையை எடுத்துவிட்டால் அங்கே எதுவும் மிஞ்சாது. இரண்டாவதில் தடுமாறுகிறது. நூற்றாண்டுகளைக் கடக்கும் அவசரத்தில் மனிதர்கள் ஒரு செயலுக்காக வந்து, செய்து முடித்ததும் மறைகிறார்கள். ஆவணங்கள் பல இடங்களில் கதையாகாமல் ஆவணங்களாகவே நிற்கின்றன. தாதனூரின் இரவை நாம் வாழ்ந்துவிடுகிறோம், மதுரையின் பகலைத் தகவலாகத்தான் பெறுகிறோம்.

ஜி. நாகராஜன் இதற்கு நேரெதிர். 'நாளை மற்றுமொரு நாளே' (1974) கந்தன் என்ற ஒருவனின் ஒரே நாள். காலைச் சாராயத்திலிருந்து போலீஸ் பிடி வரை. அவனுடைய தரகும் அடிதடியும் மனைவி மீனாவின் தொழிலும் எந்த விளக்கமும் மன்னிப்பும் இல்லாமல் வருகின்றன. 1963இல் வந்த 'குறத்தி முடுக்கு' திறந்த கதவுக்குள் இது இன்னும் ஆழமாகப் போகிறது. தமிழில் ஒழுக்கம் பேசாமல் மனிதனைப் பார்த்த மிகச் சில நூல்களில் இது ஒன்று என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் ஊர்ப்பெயரை மறைக்கும் சோதனையில் இது நிற்கவில்லை. கோயிலின் நிழலோ சித்திரையின் கூட்டமோ மாசி வீதியின் சுற்றோ கந்தனின் நாளைத் திருப்பவில்லை. தென்தமிழ்நாட்டில் எந்தப் பெரிய ஊரிலும் அவன் இதேபோல் வாழ்ந்திருப்பான். நாகராஜனுக்கு மனிதன் வேண்டியிருந்தது, நகரம் அவ்வளவாக வேண்டியிருக்கவில்லை.

இரண்டிலும் தேறும் நவீன எழுத்து மதுரையில் நடக்காத ஒரு நாவலில் இருக்கிறது. ப. சிங்காரம் சிங்கம்புணரியில் பிறந்து, 1938இல் மேடானுக்குப் பிழைக்கப் போனவர். போருக்குப் பின் திரும்பி, மதுரை தினத்தந்தியில் வேலை பார்த்தபடி 'புயலிலே ஒரு தோணி'யை எழுதினார். 1972இல் அது வெளிவந்தது. சுமத்ராவிலும் பினாங்கிலும் அலையும் பாண்டியனின் மனத்தில் மதுரைத் தெருக்களும் கடைகளும் ஆட்களும் பெயர்களாகவே பெருகுகின்றன. பிரிந்திருப்பவனுக்குத்தான் ஒரு ஊரின் பெயர்கள் அத்தனையும் நினைவிருக்கும். ஜாய்சும் டப்ளினை விட்டு வெளியேறிய பிறகே அதை எழுதினார். ஆனாலும் சிங்காரத்தின் மதுரை சில பக்கங்கள்தான். நாவலின் உடல் கடலுக்கு அப்பால் கிடக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு மதுரைக்காஞ்சிக்கே. பழமைக்காக அல்ல. அரசவையையும் அடை விற்பவனையும், அறங்கூறவையத்தையும் நூலேணிக் கள்வனையும் ஒரே இரவுபகலுக்குள் வைத்துப் பார்த்த கண் வேறு எந்த நூலிலும் இல்லை. அடுத்த இடத்தைச் சிங்காரத்தின் அந்தச் சில பக்கங்களுக்குத் தருவேன், அதற்கடுத்ததைக் கோட்டை இடியும் அத்தியாயங்களுக்கு.

இருபதாம் நூற்றாண்டு மதுரைக்கு இந்த வரிசையில் முழு நூல் ஒன்று இல்லை. மருதனார் சங்கறுப்பவனுக்கும் துணி விற்பவனுக்கும் கொடுத்த இடத்தை, 1892இல் நூற்கத் தொடங்கிய ஹார்வி மில்லின் தொழிலாளிக்கோ, சுங்குடிக்கு முடிச்சுப் போடும் சௌராஷ்டிரப் பெண்ணுக்கோ, அதுவரை அனுமதி மறுக்கப்பட்டு 1939 ஜூலை 8இல் மீனாட்சி கோயிலுக்குள் முதன்முறை நுழைந்தவர்களுக்கோ நான் இங்கே எடைபோட்ட நவீன நாவல்கள் எவையும் கொடுக்கவில்லை. கந்தனின் ஒரு நாளே போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவன் தூங்கி எழுவதற்கு முன்பே பாதி ஊர் வேலைக்குப் போயிருந்தது.