சூனியக்காரிகள் மூவர், திரைப் பள்ளிகள் நான்கு

'மெக்பெத்' நாடகத்துச் சூனியக்காரிகளைத் திரைப்படங்கள் கையாண்ட விதம் பற்றி மலருக்கு எழுதித் தர வேண்டும் என்று செயலாளர் கேட்டார். மறுக்க மனம் வரவில்லை. இந்தப் படங்களில் பலவற்றை நான் பார்த்ததே நம் கழகத் திரையிடல்களில்தான். பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் என் ஆசான், நம் மூத்த உறுப்பினர். அன்பர்களுக்குக் கதை சொல்ல வேண்டியதில்லை.

ஆசான் வைத்த அளவுகோல் ஒன்றுதான்: அந்தச் சூனிய உருவங்கள் மெக்பெத்தை ஆட்டி வைக்கின்றனவா, இல்லை அவனுக்குள் ஏற்கெனவே கிடந்த ஆசையைத் தூண்டி விடுகின்றனவா? ஷேக்ஸ்பியர் இதற்குத் தீர்ப்புச் சொல்லவில்லை. மெக்பெத்தின் தோழன் பான்கோவும் உடனிருந்து அவர்கள் வாக்கைக் கேட்டவன்தான். அவன் கொலைக்குத் துணியவில்லை. இந்த ஐயத்தைக் காப்பாற்றும் படமே தேறிய படம் என்பார் ஆசான்.

ஆர்சன் வெல்ஸ் (1948) பள்ளியில் ஐயத்துக்கு இடமில்லை. தொடக்கத்திலேயே சூனியக்காரிகள் கொப்பரைக்குள் கைவிட்டுக் களிமண் பாவை பிடிக்கிறார்கள். அதற்கே முடி சூட்டுகிறார்கள். கடைசியில் பாவையின் தலை போகிறது. 1936இல் ஹார்லெம் மேடையில் இதே நாடகத்தை ஹைட்டியின் வூடு சடங்குகளோடு நடத்திய கையல்லவா!

போலான்ஸ்கி (1971) நேர் எதிர்த்திசை. விடியற்காலைக் கடற்கரையில் மூன்று பெண்கள் மணலைத் தோண்டித் தூக்குக் கயிற்றையும் கத்தி பிடித்த வெட்டுண்ட கையையும் புதைத்துவிட்டு, வயல் வேலைக்குப் போகிறவர்களைப் போல நடந்து போகிறார்கள். இவர்களை எந்த ஊரிலும் பார்க்கலாம் என்பதுதான் அங்கே அச்சம்.

விஷால் பரத்வாஜின் 'மக்பூல்' (2003) நம் நாட்டுப் பள்ளி. சூனியக்காரிகளின் இடத்தில் ஓம் புரியும் நசீருதீன் ஷாவும், மும்பைப் போலீஸ்காரர்களாக. பனி படிந்த வண்டிக் கண்ணாடியில் விரலால் ஜாதகக் கட்டம் போடுகிறார்கள். ஜோசியமும் சொல்வார்கள், பலிக்க ஒத்தாசையும் செய்வார்கள். சூனியத்துக்கு இங்கே காக்கி உடுப்பே போதுமானதாக இருக்கிறது.

இனி ஆசானும் நானும் சேர்ந்த பள்ளி. குரோசாவாவின் 'த்ரோன் ஆஃப் ப்ளட்' (1957) படத்தில் மூவர் ஒருவராகிவிடுகிறார்கள். காட்டில் வழி தவறிய இரண்டு வீரர்கள், குச்சிகளால் கட்டிய ஒரு குடிசை, உள்ளே நூல் நூற்கும் வெள்ளை உருவம். சியெகோ நானிவாவின் முகத்தில் ஒரு தசைகூட அசைவதில்லை. ஜப்பானிய நோ நாடகத்தின் முகமூடி மரபு அது. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரலில் பாட்டு மெல்ல இழைகிறது. ராட்டினம் மட்டும் நிற்காமல் சுற்றுகிறது. "அந்தச் சக்கரத்தைப் பார், முகத்தைத் தேடாதே" என்பார் ஆசான். உருவம் மறைகிறது, குடிசையும் மறைகிறது, பின்னால் மண்டையோட்டுக் குவியல். மெக்பெத்தாக வரும் மிஃபூனேயை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. அவராகவே போய் விழுகிறார்.

இந்தப் பள்ளிக்கு அண்மையில் கிடைத்த நல்ல வாரிசு ஜோயல் கோயன் (2021). கேத்ரின் ஹன்டர் என்னும் ஒரே நடிகை உடலை முறுக்கி மூவராகிறார். கரையில் ஒருத்தி நிற்க, நீரில் இரண்டு நிழல்கள் தெரிகின்றன. ஆசான் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

இன்று திரையில் பேய் காட்டுகிற சில இயக்குநர்களைப் பற்றியும் ஒரு சொல். பெயர் வேண்டாம், திறமைசாலிகள், உழைப்பாளிகள், யாரையும் புண்படுத்துவது என் நோக்கமல்ல. ஆனால் கரும்புகை, வெள்ளை விழி, காதைப் பிளக்கும் பின்னணி இசை ஆகிய மூன்றும் இருந்தால் ஆவி வந்துவிட்டதாக அவர்கள் நம்புகிறார்கள். கணினி வந்தது, நடிகரின் குரல் போனது. குரல் போனதும் மௌனம் போனது. மௌனம் போனதும் பார்வையாளரின் பொறுமை போனது. கைப்பேசியில் படத்தை வேகமாக ஓட்டிப் பார்க்கிறார்கள். நம் அரங்கிலேயே குரோசாவாவின் காட்டுக்கு நடுவில் நாலு திரைகள் ஒளிர்கின்றன. படம் முடிந்ததும் விவாதத்துக்கு உட்காருவோர் விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டது. ஒரு தலைமுறையே பார்க்க மறந்துகொண்டிருக்கிறது. பார்க்க மறந்தவர்களிடமிருந்து நாளை எந்த இயக்குநர் வரப்போகிறார்?

செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டில் இந்த ஐந்து படங்களையும் வரிசையாகத் திரையிடுங்கள்; கைப்பேசிகளை வாசலிலேயே வாங்கி வையுங்கள்; ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் விவாதத்தைக் கட்டாயமாக்குங்கள். மூத்தோர் இந்தக் கழகத்தைத் தொடங்கியது அதற்காகத்தான்.