க்ராஷ் தன் இடத்துக்கு வந்தது

இரண்டாவது பார் தொடங்குகிற இடம். காதில் க்ராஷ் சிம்பல் விரிந்து ஒலிக்கிறது. திரையில் பச்சை லேனில் இறங்கி வருவதோ டாம். காது கையை மேலே தூக்குகிறது, கண் அதை ஃப்ளோர் டாமுக்கு இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் தடுமாறி ஒவ்வொரு தடவையும் அங்கேயே காம்போ உடைந்தது. அப்படி ஒரு பாட்டோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். இப்போது அதே இடத்தில் கை தானாக சிம்பலுக்குப் போகிறது. அந்தச் சுகத்தைச் சொல்லி மாளாது! இதற்காக நான் சேர்த்தது ஒரே ஒரு வரி.

குளோன் ஹீரோ என்கிற இலவச கம்ப்யூட்டர் விளையாட்டைத்தான் சொல்கிறேன். எலக்ட்ரானிக் டிரம் செட்டை யூஎஸ்பி வழியாக இணைத்துவிட்டு, திரையில் இறங்கி வரும் நோட்டுகளை நிஜமாகவே அடித்து ஆடலாம். எந்த நோட்டு எப்போது இறங்க வேண்டும் என்று சொல்கிற கோப்புக்குச் சார்ட் என்று பெயர்; ஆடுகிறவர்களே பாட்டுகளுக்குச் சார்ட் எழுதிப் பகிர்ந்துகொள்கிறார்கள். இந்த நாலு வண்ண டிரம்ஸ் ஆட்டத்தின் வேர் 2007-இல் வந்த ராக் பேண்ட் என்ற விளையாட்டு. அதில் நான்கு பேடு, ஒரு கிக் பெடல், அவ்வளவுதான். ஹை-ஹேட்டும் மஞ்சள், டாமும் மஞ்சள். 2010-இல் ராக் பேண்ட் 3 வந்தபோதுதான் ப்ரோ டிரம்ஸ் என்று மூன்று சிம்பல்களைத் தனியாகப் பிரித்தார்கள். ஆனால் சிம்பல் பிரிக்காமல் எழுதிய சார்ட்டுகள் இன்னும் எத்தனையோ சுற்றிக்கொண்டிருக்கின்றன. என்னைப் படுத்திய பாட்டு அதில் ஒன்று.

அந்தச் சார்ட் கோப்பை முதல்முதலாகத் திறந்து பார்த்த இரவை மறக்கவே முடியாது. சாதாரண நோட்பேடிலேயே திறந்துகொள்கிறது. உள்ளே வரிவரியாகத் தாளம்! '768 = என் 4 0' என்று ஒரு வரி. இந்தக் கோப்பில் ஒரு துடிப்புக்கு 192 டிக்; நாலு துடிப்புக்கு 768. அதாவது இரண்டாவது பாரின் முதல் அடி. 'என்' என்ற ஆங்கில எழுத்து நோட்டுக்கு; 4 என்றால் பச்சை. என் எதிரி அங்கே உட்கார்ந்திருந்தது! இந்த வகைக் கோப்பில் எதுவும் சொல்லாவிட்டால் டாம். சிம்பல் வேண்டுமென்றால் மஞ்சளுக்கு 66, நீலத்துக்கு 67, பச்சைக்கு 68 என்று பக்கத்தில் ஒரு குறி வைக்க வேண்டும். (ராக் பேண்டின் மிடி கோப்புகளில் நேர் தலைகீழ். அங்கே சும்மா விட்டால் சிம்பல். டாமுக்குத்தான் 110, 111, 112 என்று குறி.) நான் அதன் கீழே '768 = என் 68 0' என்று தட்டினேன். சேமித்தேன். பாட்டுகளை மறுபடி ஸ்கேன் செய்தேன். பச்சை நோட்டு சிம்பல் வடிவத்தில் இறங்கி வந்தது. அடித்தேன். காது, கண், கை மூன்றும் ஒரே இடத்தில்! தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கா மகன் வந்தான். வந்ததும் நேராக அந்தப் பாட்டுக்குத்தான் போவான், ஏனென்றால் அதில் ஓர் அடிகூட விடாமல் 100 சதவீதம் எடுத்து வைத்திருந்தது அவன்தான்.

"மாமா, என் ஸ்கோரைக் காணோம்!"

நெஞ்சு பகீரென்றது. அவன் இரண்டு மாத உழைப்பு அது. நான் சிம்பல் வைத்த ஒரு வரி அதைத் தின்றுவிட்டதா?

தின்னவில்லை. இங்கேதான் இந்த விளையாட்டின் மேல் எனக்கு மரியாதை கூடியது. ஸ்கோர் பாட்டின் பெயரோடு ஒட்டியிருப்பதில்லை. சார்ட் கோப்பை முழுக்கப் படித்து, எம்டி5 என்ற கணக்கில் 32 எழுத்து நீளமுள்ள ஒரு கைரேகையை எடுக்கிறது. ஸ்கோர் அந்தக் கைரேகையின் பேரில்தான் பதிவாகிறது. ஒரு இடைவெளி கூடினாலும் கைரேகை அடியோடு மாறிவிடும். பழைய கோப்பை டவுன்லோட் செய்த ஜிப்பிலிருந்து எடுத்து அதே இடத்தில் வைத்தேன், ஸ்கேன் கொடுத்தேன். 100 சதவீதம் அப்படியே வந்து உட்கார்ந்தது! பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

திருத்திய சார்ட்டுக்குத் தனி ஸ்கோர் என்பது நியாயமும்கூட. ஒரு கிக் நோட்டுக்கு அடிப்படையாக 50 புள்ளி, காம்போ ஏறினால் நாலு மடங்கு. நான் ஆசைப்பட்டு 100 டபுள் கிக் சேர்த்துவிட்டால் 20,000 புள்ளி சும்மா கூடும். அதை அவன் உழைப்பின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் அது ஸ்கோரா?

ஆகவே என் வழி இதுதான். பாட்டின் ஃபோல்டரை முழுசாக நகல் எடுக்கிறேன். மூலத்தைத் தொடுவதே இல்லை. நகலுக்குள் பாட்டின் பெயருக்குப் பின்னால் 'திருத்தம்' என்று போடுகிறேன். பட்டியலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அவனுக்கு அவன் ஸ்கோர், எனக்கு என் ஸ்கோர். நகலில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்ற அந்த விடுதலை இருக்கிறதே, அப்பப்பா! பெரிய வேலைக்கு மூன்ஸ்கிரேப்பர் என்ற இலவச எடிட்டர் இருக்கிறது. பாட்டை ஓடவிட்டு, காதால் கேட்டு, நோட்டின் மேல் வைத்து மாற்றலாம். மூலக் கோப்பை மட்டும் அதில் திறந்து சேமித்துவிடாதீர்கள். நீங்கள் ஒன்றுமே மாற்றாவிட்டாலும் அது கோப்பைத் தன் பாணியில் எழுதி வைத்தால் கைரேகை போச்சு.

நகலே தேவைப்படாத திருத்தமும் உண்டு. ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'சாங் டாட் இனி' என்று இன்னொரு சின்னக் கோப்பு இருக்கும். இனி! எவ்வளவு அழகான பின்னொட்டு. பாட்டின் பெயர், பாடகர், ஆண்டு, சார்ட் எழுதியவர் எல்லாம் அதில் இருக்கும். பாட்டும் நோட்டும் கொஞ்சம் விலகி ஓடினால் எத்தனை மில்லிசெகண்ட் தள்ள வேண்டும் என்பதும் அதில்தான். கைரேகை எடுக்கும்போது இந்தக் கோப்பு கணக்கில் வருவதில்லை. எழுத்துப்பிழை திருத்தினேன், பாட்டை 40 மில்லிசெகண்ட் நகர்த்தினேன், ஸ்கோர் இம்மிகூட அசையவில்லை. அதே எழுத்துப்பிழையைச் சார்ட் கோப்பின் தலைப்பில் திருத்தியிருந்தால் ஸ்கோர் கண்ணிலிருந்து மறைந்திருக்கும்.

இப்போது என் கை அரிக்கிற வேலை டிஸ்கோ ஃப்ளிப். இரண்டு கையாலும் ஹை-ஹேட்டைப் பதினாறு பதினாறாக ஓட்டிக்கொண்டே நடுநடுவில் ஸ்நேரை அடிப்பார்களே, அந்தத் தாளம். நாலு பேடில் கை பின்னிக்கொள்ளக் கூடாதென்று ராக் பேண்டில் சிவப்பையும் மஞ்சளையும் இடம் மாற்றி எழுதினார்கள். ப்ரோ டிரம்ஸில் ஆடும்போது அதைத் திரும்ப நேராக்க, மிடி கோப்பில் ஒரு குறிப்பு வைக்கிறார்கள். அந்தக் குறிப்பின் கடைசியில் வரும் 'டி' என்ற ஒற்றை எழுத்துதான் விஷயம். அந்த எழுத்து விட்டுப்போனால் ஸ்நேர் கேட்கிற இடத்தில் ஹை-ஹேட்டை அடித்துக்கொண்டிருப்போம். அப்படி ஒரு பாட்டு கைவசம் இருக்கிறது. நகல் எடுத்தாயிற்று. அக்கா மகன் சனிக்கிழமை வருகிறான். மூலத்தில் அவன் 97-இல் நிற்கிறான். திருத்தத்தில் நான் இன்னும் ஒரு தடவைகூட ஆடவில்லை.