கேத்தோடுப் பூச்சுகள்: பாணிகளும் அளவுகோல்களும்

நீரை மின்சாரத்தால் பிரிக்கும் ஆலையில் இயந்திரம், ஆள்கூலி எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு மின்கட்டணம். ஒரு கிலோ ஹைட்ரஜன் வெளிவர ஏறத்தாழ 26,600 ஆம்பியர்-மணி செலுத்தியே ஆக வேண்டும். ஃபாரடேயின் அந்தக் கணக்கில் யாரும் பேரம் பேச முடியாது. பேரத்துக்கு இடமுள்ளது வோல்ட்டில்தான். செல்லின் மின்னழுத்தம் 100 மில்லிவோல்ட் ஏறினால் கிலோவுக்கு 2.66 யூனிட் கூடுதலாகச் செலவாகிறது. வெறும் நிக்கல் வலையை, ஹைட்ரஜன் வெளிவரும் மின்முனையான கேத்தோடாகத் தொங்கவிடாமல் அதன்மேல் நல்ல பூச்சு ஏற்றினால் அந்தப் பக்கத்தில் மட்டும் 200 மில்லிவோல்ட் வரை மிச்சம் பிடிக்கலாம். முதல் நாளில் அதைப் பிடிப்பது பெரிய வித்தையல்ல. 80 டிகிரி வெப்பத்தில், 30 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் மூழ்கி, குமிழிகளின் ஓயாத பிடுங்கலைத் தாங்கி, எட்டொன்பது ஆண்டுக்குப் பிறகும் அதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் வித்தை.

பழைய ஆலைகளுக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. நார்வேயின் வெமோர்க், எகிப்தின் அஸ்வான், பக்ரா அணையின் மின்சாரத்தில் ஓடிய பஞ்சாபின் நங்கல் என அவை எல்லாமே நீர்மின் நிலையத்தை ஒட்டி, உரத்துக்காக எழுந்தவை. மின்சாரம் மலிவு, அதுவும் இரவு பகல் பாராமல் வரும். இரும்புக் கேத்தோடும், ஆக்சிஜன் வெளிவரும் பக்கத்தில் நிக்கல் முலாம் பூசிய ஆனோடும் அந்தக் காலத்துக்குப் போதுமானவையாக இருந்தன. மின்னோட்ட அடர்த்தி ஏறி, மின்சாரத்தின் விலையும் ஏறியபோதுதான் பூச்சு என்பது தனிக் கலையாயிற்று.

நிக்கல் பூச்சுகளில் மூத்த பாணி ரேனியுடையது. மர்ரே ரேனி என்ற அமெரிக்கப் பொறியாளர் தேடியது பருத்திக்கொட்டை எண்ணெயை உறைகொழுப்பாக்கும் வினையூக்கியை. 1925-இல் நிக்கல்-சிலிக்கான் கலவைக்கும் 1927-இல் நிக்கல்-அலுமினியம் கலவைக்கும் காப்புரிமை பெற்றார். வனஸ்பதி வகையறாவுக்காகப் பிறந்த சரக்கை, 1950களில் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் எடுவார்ட் யுஸ்டியும் ஆகஸ்ட் வின்செலும் மின்முனையாக்கினார்கள். நிக்கலோடு அலுமினியத்தையோ துத்தநாகத்தையோ கலந்து வலைமேல் ஏற்றி, பிறகு சூடான காரத்தில் இறக்குவார்கள். காரம் அலுமினியத்தைத் தின்றுவிட, நிக்கல் மட்டும் நுண்துளைகள் நிறைந்த எலும்புக்கூடாக எஞ்சும். உள்ளே விரியும் பரப்பு வெளியே தெரிவதைப் போலப் பல நூறு மடங்கு.

இந்தப் பாணியின் பலமும் பலவீனமும் அந்த எலும்புக்கூட்டிலேயே இருக்கின்றன. எஞ்சிய அலுமினியம் ஆலை ஓடும்போதும் கசிந்துகொண்டே இருக்கும். மெல்லிய நிக்கல் இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து தடிக்கும், பரப்பு சுருங்கும். நிக்கல் தானே ஹைட்ரஜனை உறிஞ்சி ஹைட்ரைடாகிச் சோம்பிப்போவதும் உண்டு. அப்போது கரைசலில் சிறிது வனேடியம் சேர்த்தால் மீண்டும் சுறுசுறுப்பாகிறது என்பது ஆய்வில் கண்டது. குழாய்களிலிருந்து கரைந்து வரும் இரும்பின் குணம் விசித்திரமானது: கேத்தோடில் படிந்தால் விலையுயர்ந்த பூச்சை மூடிவிடும், அதே இரும்பு ஆனோடில் உள்ள நிக்கல் ஹைட்ராக்சைடுக்குள் புகுந்தால் ஆக்சிஜன் வெளியேற்றத்தை வேகப்படுத்தும். இன்னொரு தொல்லை, காரத்தில் கழுவிய ரேனி நிக்கல் காற்றில் உலர்ந்தால் தானே தீப்பற்றும். ஆகவே அலுமினியத்தோடே அனுப்பி, ஆலைக்கு வந்தபின் செல்லுக்குள்ளேயே கழுவும் வழக்கம் உண்டு.

ரேனி பாணியின் ஒரு கிளை ஷ்டுட்கார்ட்டில், ஜெர்மன் விண்வெளி மையத்தில் வளர்ந்தது. குந்தர் ஷில்லரும் உடனிருந்தவர்களும் 1990களில் நிக்கல், அலுமினியம், மாலிப்டினம் அடங்கிய தூளை வெற்றிடப் பிளாஸ்மாவில் உருக்கி வலைமேல் அறைந்தார்கள். அடித்தளத்தோடு இறுகப் பற்றுவது இந்த முறையின் சிறப்பு. சூரிய மின்சாரம் போல விட்டுவிட்டு வரும் மின்சாரத்தில் ஓடும் 10 கிலோவாட் கருவிக்காகவே அந்த மின்முனைகளைச் செய்து, 1998-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உலகம் பசுமை ஹைட்ரஜன் என்று பேசத் தொடங்குவதற்கு வெகு முன்பே சரியான கேள்வியைப் பிடித்தவர்கள் என்பது என் எண்ணம்.

ஆக்சைடுப் பாணி வேறு குலம். ஹென்றி பீர் 1960களில் டைட்டானியத்தின்மேல் ருத்தீனியம்-டைட்டானியம் ஆக்சைடை ஏற்றினார். மிலானின் டி நோரா நிறுவனம் அதைக் குளோரின் ஆலைகளுக்குக் கொண்டுசேர்த்தது. அதுவரை தேய்ந்துகொண்டே போன கிராஃபைட் ஆனோடுகள் ஓய்வு பெற்றன. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் தந்து 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்த வகை டைட்டானிய ஆனோடுகளை உள்நாட்டிலேயே உருவாக்கியது. உலோக உப்புக் கரைசலைத் தூரிகையால் பூசி, உலையில் சுட்டு, மறுபடி பூசி, மறுபடி சுட்டு அடுக்கடுக்காக ஏற்றும் தொழில் இது. தேய்ந்த தகட்டைத் திருப்பியனுப்பி மறுபூச்சு போட்டு வாங்கும் ஒழுங்கும் இந்தக் குலத்தில்தான் வேரூன்றியது. பின்னாளில் இதே கைமுறையில் நிக்கல் வலைமேல் ருத்தீனியம் ஏற்றிக் கேத்தோடாக்கினார்கள்.

நிக்கல்-மாலிப்டினம், நிக்கல்-கந்தகம் ஆகிய கலவைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஆய்வேடுகளில் முதல் நாள் எண்கள் கண்ணைப் பறிக்கும். மின்சாரம் நின்றதும் மாலிப்டினம் காரத்தில் கரையத் தொடங்கும்.

நின்றதும் என்ற சொல்லில்தான் எல்லாப் பாணிகளின் விதியும் இருக்கிறது. ஓர் அடுக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட செல்கள் தொடராக நிற்கும். காரக் கரைசல் பொதுக் குழாய் வழியாக எல்லாவற்றுக்கும் ஓடும். மின்சாரத்தைத் துண்டித்த கணத்தில் ஆனோடுகளில் தேங்கியுள்ள நிக்கல் ஆக்சிஹைட்ராக்சைடு மின்கலம்போலச் செயல்பட்டு, அந்தக் கரைசல் பாதை வழியாகத் தலைகீழ் மின்னோட்டத்தை ஓட்டும். கேத்தோடு ஆக்சிஜனேற்றமடையும். ருத்தீனியம் கரையும், ரேனி நிக்கல் ஹைட்ராக்சைடாக மாறும். ஆண்டுக்கு ஒருமுறை நிற்கும் ஆலைக்கு இது பொருட்டல்ல. இரவுதோறும் நிற்கும் சூரிய ஆலைக்குப் பத்தாண்டில் மூவாயிரத்துக்கு மேல் நிறுத்தங்கள். 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் என்று இந்தியா வைத்துள்ள இலக்கு சூரியனையும் காற்றையும் நம்பியே நிற்கிறது. நிறுத்தத்தின்போது சிறு காப்பு மின்னோட்டம் கொடுப்பது ஒரு பரிகாரம். பூச்சுக்குப் பதிலாகத் தானே முதலில் ஆக்சிஜனேற்றமாகும் பலியடுக்கு ஒன்றைச் சேர்ப்பது இன்னொன்று. ஜப்பானியர் இதில் நிறைய உழைத்திருக்கிறார்கள். ஃபுகுஷிமாவின் நமியேயில் 2020-இல் திறந்த 10 மெகாவாட் காரமுறைக் கருவியும் சூரிய மின்சாரத்தை நம்பியதே.

அளவுகோல்கள் இந்த இடத்தில்தான் பின்தங்கியுள்ளன. நூறு மணி நேரம் ஓட்டிவிட்டு நீடித்த உழைப்பு என்று எழுதும் ஆய்வேடுகளை நான் ஆயுள் கணக்கில் சேர்ப்பதில்லை. 2030-க்கு ஐரோப்பாவின் இலக்கு 1,000 மணிக்கு 0.1 சதவீதத் தேய்வு. கேட்கச் சிறிதாகத் தெரியும். 80,000 மணியில் அது 8 சதவீதம். 1.8 வோல்ட்டில் தொடங்கிய செல் 1.94-ஐத் தாண்டும், அதாவது பூச்சு ஈட்டித் தந்த 200 மில்லிவோல்ட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு. அத்தனையும் பூச்சின் பழியல்ல, இரு மின்முனைகளுக்கும் இடையிலான பிரிசவ்வுக்கும் ஆனோடுக்கும் பங்குண்டு. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் 2021-இல் பொதுச் சோதனை நெறிகளை வெளியிட்டது நல்ல தொடக்கம். ஆனால் பூச்சு வாங்குபவர் கையில் வரும் தாளில் முதல் நாள் மிகைமின்னழுத்தத்தோடு (வினைக்குத் தேவையானதற்கு மேல் கேத்தோடு கேட்கும் மின்னழுத்தம்), காப்பு மின்னோட்டம் இல்லாமல் ஆயிரம் முறை நிறுத்தி எழுப்பியபின் அது எவ்வளவு, கரைசலில் கலந்த உலோகம் எவ்வளவு என்ற இரண்டு எண்களும் இருந்தாக வேண்டும். மறுபூச்சுக்கு வலையைத் திருப்பி எடுப்பவர் யார், செலவு யாருடையது என்பதை அதே தாளின் கடைசி வரியில் எழுதி வாங்குவது நல்லது.